ஒரே பக்கமாகச் சுற்று

இந்தக் காலத்து ஆட்களுக்கு எல்லாம் தானாக ஓட வேண்டும். கெட்டியாக எதையாவது பார்த்தால் பொறுக்காது, உடனே தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். பாலில் ஊற்றுகிறான், பெயிண்டில் ஊற்றுகிறான், கேட்ட கேள்விக்குச் சொல்கிற பதிலில்கூட ஊற்றுகிறான். ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் வழவழவென்று பேசிவிட்டு எழுந்து போகிறான். நான் முப்பது வருஷத்துக்கு மேல் கான்கிரீட் கலவை லாரி ஓட்டியவன். முதுகில் பெரிய டிரம் சுற்றிக்கொண்டே போகுமே, அந்த லாரி. கட்டடம் எழும்புகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கே இருக்கிற மேஸ்திரியின் வாயிலிருந்து வணக்கம் வராது. “கொஞ்சம் தண்ணி விடுங்கண்ணே, சட்டுனு இறங்கட்டும்” என்பதுதான் வரும். விட்டால் கலவை இறங்கும்தான். பின்னாலேயே ஒரு நாள் கட்டடமும் இறங்கும். நான் விட்டதில்லை. குழாயைத் திறக்க வந்தவன் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன். ஒரு எஞ்சினியர் கையையும் தட்டிவிட்டிருக்கிறேன். அவர் கையில் அப்போது டீ இருந்தது.

அப்படிப்பட்ட என்னிடம் வந்து, உன் ரத்தத்தையே நீர்க்க விடு என்றால் எப்படி இருக்கும்? அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் யாரோ ஒரு பழைய மெத்தையை நிறுத்திவிட்டுப் போனதிலிருந்து அது மெத்தையின் வீடு. மனிதர்கள் படியில்தான் ஏற வேண்டும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு தையல்காரர் கதவைத் திறந்துபோட்டுத் தைத்துக்கொண்டிருப்பார். நல்ல மனுஷன். அவரிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான். ஒரு நாள் நான் அங்கே நின்று மூச்சு வாங்கியதைப் பார்த்துவிட்டார். மறுநாள் ஒரு முக்காலி வாசலுக்கு வந்தது. அதற்கடுத்து முக்காலிமேல் ஒரு குஷன் வந்தது, வெட்டுத் துணியை அடைத்துத் தைத்த பூப்போட்ட குஷன். “உக்காந்துட்டுப் போங்கண்ணே” என்றார். லாரிச் சக்கரத்தைத் தனியாகக் கழற்றி மாட்டியவன், பூப்போட்ட குஷனில் உட்கார்ந்தேன். வேறு வழி இல்லை. நெஞ்சுக்குள் ஒரு கோழி மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் ஒழுங்காக அடிக்கும், அப்புறம் அவசர அவசரமாக அடிக்கும், அப்புறம் எங்கேயோ கடைக்குப் போய்விட்டு வருகிற மாதிரி ஆளையே காணோம்.

என் மனைவி ஒரு நாள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு என்றாள். அவளை ஏமாற்ற முடியாது. எங்கள் கலவை ஆலையில் கட்டி உடைக்கிற அறையில் வேலை பார்த்தவள் அவள். ஒவ்வொரு லாரியிலிருந்தும் கொஞ்சம் கலவை எடுத்து அச்சில் ஊற்றி, இறுகின பிறகு இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். அவள் என்னைக் கட்டிக்கொண்டதே அந்த அறையில் நடந்த ஒரு விஷயத்தால்தான். ஒரு தடவை என் லாரிக் கட்டி பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. டிரைவர் வழியில் தண்ணீர் விட்டிருக்கிறான் என்று மேலாளர் முடிவே கட்டிவிட்டார். நான் ஊற்றவில்லை என்றேன். அறை நிறைய ஆட்கள், ஒருத்தனும் நம்பவில்லை. அவள் மட்டும் உதிர்ந்ததைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, “ஊத்தலைன்னு சொல்றாருல்ல, அப்போ ஊத்தலை” என்றாள். கட்டியில் அவள் ஒன்றையும் பார்க்கவில்லையாம், என் மூஞ்சியைத்தான் பார்த்தாளாம். பின்னால் சொன்னாள். நான் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் என்னை நம்பிய ஒருத்தியை விட்டுவைக்கக் கூடாது என்று அந்த வாரமே அவள் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டேன்.

இதய டாக்டர் ஒரு பெண். எங்களோடு என் மச்சானும் வந்திருந்தான். என் மனைவியின் தம்பி, அதே ஆலையில் கலவைப் பம்பு ஓட்டியவன், இப்போது என்னைப் போலவே வேலை இல்லாமல் இருப்பவன். டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இதயத்தின் மேல் அறைகள் அமுங்கி ரத்தத்தைக் கீழே தள்ள வேண்டுமாம். என்னுடையது அமுங்காமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கிறதாம். இடது மேல் அறையில் நாய்க் காது மாதிரி ஒரு குட்டிப் பை இருக்கிறதாம், எல்லாருக்கும் இருக்கிறதுதானாம். தள்ளுகிற ஆள் இல்லாததால் ரத்தம் அந்தப் பையில் தேங்கும், தேங்கினது உறைந்து கட்டியாகும், கட்டி ஒரு நாள் கழன்று கழுத்து வழியாக மூளைக்குப் போய் அடைக்கும். அடைத்தால் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடும், வாய் கோணிவிடும், பேச்சு போய்விடும்.

“பேச்சு முழுசாவே போயிடுமா டாக்டர்?” என்றாள் என் மனைவி.

போகலாம் என்றார் டாக்டரம்மா.

“அப்போ கொஞ்சம் வெளிய போய் யோசிச்சுட்டு வரோம்.”

மச்சான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். ஆனால் மேசைக்கு அடியில் என் மனைவி என் சட்டைக் கையைக் கசக்கிப் பிடித்திருந்தாள். வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் இறங்கும் வரை விடவில்லை.

வைத்தியம் இரண்டு பாகம். முதல் பாகம், ரத்தம் உறையாமல் இருக்கக் காலையும் மாலையும் மாத்திரை, சில வாரத்துக்கு ஒன்றுகூட விடக் கூடாது. இரண்டாவது பாகம், தூங்க வைத்து நெஞ்சில் கரண்ட் கொடுத்து நடுக்கத்தை நிறுத்துவது. மாத்திரையை விட்டால் கரண்ட்டும் கொடுக்க முடியாது என்று டாக்டரம்மா அழுத்திச் சொன்னார். நடுங்கிக்கொண்டிருந்த அறை திடீரென்று ஒழுங்காக அமுங்க ஆரம்பித்ததும், பையில் கட்டி ஏதும் இருந்தால் அதையும் சேர்த்துத் தள்ளிவிடுமாம்.

கரண்ட் எனக்குப் பிடித்திருந்தது. செத்த பேட்டரிக்கு இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து எழுப்புவது மாதிரி, நேரான காரியம். மாத்திரைதான் இடித்தது. படியேறும்போது தையல்காரரிடம் மாத்திரையின் பெயரைச் சொன்னேன். அட, நானும் அதேதான் சாப்பிடறேன் என்று பெருமையாக டப்பாவை எடுத்துக் காட்டினார். காட்டின வேகத்தில் சட்டையில் செருகியிருந்த ஊசி விரலில் ஏறிவிட்டது. ரத்தம் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரு வெள்ளைத் துணியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இந்த மாத்திரை சாப்பிட்டா நிக்கறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்ணே, அழுத்திப் பிடிச்சாப் போதும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். நான் அந்தச் சொட்டைப் பார்த்தேன். எனக்குத் தெரியாதா? எத்தனை மேஸ்திரிகளைப் பார்த்திருக்கிறேன். இதிலும் ஊற்றியிருக்கிறார்கள்.

நீர்த்த கலவை தாங்காது, நீர்த்த ரத்தம் மட்டும் தாங்குமா? மாத்திரை தொண்டைக்குள் போகக் கூடாது என்று முக்காலியில் உட்கார்ந்தபடியே முடிவு செய்தேன்.

அதற்காகக் கட்டியை அப்படியே விட்டுவிடுகிற முட்டாள் இல்லை நான். டாக்டரம்மா சொன்னதில் எனக்குப் புரியாதது எதுவுமே இல்லை. டிரம்முக்குள்ளே சுருள் சுருளாகப் பிளேடு இருக்கும். பிளேடுக்குப் பின்னால் ஒரு மூலை இருக்கும். டிரம் நின்றால் முதலில் அந்த மூலையில்தான் இறுகும். உள்ளே ஆளை இறக்கி உளியால் கொத்தி எடுக்க வேண்டும், நானே இறங்கிக் கொத்தியிருக்கிறேன். இறுகாமல் இருக்க என்ன வழி? சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பு விளக்கில் லாரி நிற்கலாம், டிரம் நிற்காது. டிரைவர் சாப்பிடப் போகலாம், டிரம் நிற்காது. இவ்வளவுதான் விஷயம். என்னையும் சுற்ற வேண்டும்.

மச்சானிடம் சொன்னேன். “மாமா, இது அவங்களுக்கு ஏன் தோணலை?” என்றான். படிச்சவங்கடா, லாரி ஓட்டியிருக்கணும் என்றேன்.

முதலில் முடிவெட்டுகிற கடைக்குப் போனோம். நாற்காலியில் உட்கார்ந்தேன். முடியா, முகச்சவரமா என்று கேட்டார் கடைக்காரர். இரண்டும் வேண்டாம், சுற்று என்றேன். நல்ல மனுஷன் போல, இரண்டு சுற்றுச் சுற்றினார். அதற்குள் வரிசையில் காத்திருந்தவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். கூலி வேண்டாம், இனிமேல் வராதீர்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

அப்புறம்தான் மச்சானுக்கு ஆலை அலுவலகத்தில் கழித்துப்போட்ட சுழல் நாற்காலி நினைவுக்கு வந்தது. முதுகுவலிக்கு என்று சொல்லி வாங்கிவந்தான். இரண்டு பேருமாகப் படியில் தூக்கிவந்தோம், அதாவது அவன் தூக்கினான், நான் திருப்பத்தில் நின்று யோசனை சொன்னேன். சீட்டின் ஓரத்தில் ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரிந்தது. அந்தக் கிழிசல் எனக்கு வசதியாகப் போயிற்று. காலையும் மாலையும் என் மனைவி தண்ணீரும் மாத்திரையும் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். அங்கிருந்து, மாத்திரை போட்டாச்சா என்று கேட்பாள். போட்டாச்சு என்பேன். பொய் இல்லை. போட்டேன். எங்கே போட்டேன் என்று அவள் கேட்கவில்லை.

சுற்றுகிறதிலும் ஒரு முறை இருக்கிறது. கலவை டிரம் ஒரு பக்கம் சுற்றினால் கலக்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்து கொட்டும். இறக்குகிற இடத்தில் மட்டும்தான் எதிர்ப்பக்கம் போட வேண்டும். இதை மச்சானிடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஒரே பக்கமாகச் சுற்றுடா, மாற்றிவிடாதே. அவனும் சரி மாமா என்றான். ஆனால் நடுவில் வலது தோள் வலிக்கிறது என்று கையை மாற்றினான். இடது கையால் பிடித்து இழுத்தான். நாற்காலி எதிர்ப்பக்கம் போயிற்று. மூன்றாவது சுற்றில் காலையில் சாப்பிட்டதெல்லாம் அவன் சட்டையில் இருந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? சொன்னேனா இல்லையா என்றேன். அவன் சட்டையைத் துடைக்கக்கூட மறந்துபோய்த் தலையாட்டினான்.

அதற்குப் பிறகு தினமும் மதியம் சாப்பாடு இறங்கினதும் சுற்றல்தான். உண்மையைச் சொன்னால், வைத்தியம் என்பதையும் மறந்துவிட்டேன். அலமாரி போகும், ஜன்னல் போகும், சுவரில் எங்கள் கல்யாண போட்டோ போகும், மச்சானின் வழுக்கை போகும், மறுபடி அலமாரி. கொஞ்ச நேரத்தில் எல்லாம் கலந்து ஒரே பட்டையாக ஓடும். அந்தப் பட்டையில் என் மனைவியின் கல்யாண மூஞ்சி மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை மின்னிவிட்டுப் போகும். வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு வரும். எதற்கு என்று தெரியாது. நிறுத்தினால் நான் நிற்பேன், வீடு நிற்காது. எழுந்து நடந்தால் சுவர் வந்து தோளைத் தட்டும். பிறகு மச்சானும் எனக்கு ஒரு தடவை என்று கேட்க ஆரம்பித்தான். உனக்கு எதுக்குடா, உன் நெஞ்சு நல்லாத்தானே இருக்கு என்றால், முன்ஜாக்கிரதை மாமா என்பான். “ரெண்டு கிழவனுக்கும் மறை கழண்டு போச்சு” என்று சொல்லிவிட்டு அவள் துணி காயப்போடப் போவாள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்ற நிம்மதி அவளுக்கு. விளையாடிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தாள்.

கரண்ட் கொடுக்கிற நாளுக்கு முதல் நாள் மதியம். மச்சான் ரொம்ப உற்சாகமாக இருந்தான். நாளைக்குச் சரியாகிவிட்டால் இனிமேல் சுற்ற வேண்டியிருக்காது, இன்றைக்கு நன்றாக ஒரு சுற்று என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டான். ஒரு காலைப் பின்னால் ஊன்றி இழுத்தான். உற்சாகத்தில் பக்கத்தைக் கோட்டைவிட்டுவிட்டான். எதிர்ப்பக்கம். நான் கத்துவதற்குள் மறுபடி இழுத்தான். இத்தனை நாளாக ஒரு பக்கமாகவே சுற்றிச் சுற்றி இறுகியிருந்த மறை அந்தப் பக்கம் சுற்றினதும் கழன்றுகொண்டது. அடியில் ஒரு சத்தம். நாற்காலியின் கால் அங்கேயே நின்றது. நான் சீட்டோடு கிளம்பினேன். தரையில் வழுக்கிக்கொண்டு அலமாரியைத் தாண்டி, மேசையைத் தாண்டி, அடுப்படி வாசலில் அவள் காலடியில் போய் நின்றேன். நிற்கும்போது சீட்டின் கிழிசல் முழுசாகப் பிய்ந்தது. உள்ளே இருந்த மாத்திரையெல்லாம் வெளியே வந்து தரை நெடுக உருண்டு ஓடின. என் கண்ணுக்கு ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்தது.

“மாமா,” என்றான் மச்சான் பின்னாலிருந்து, “கொட்டிடுச்சு.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஒரு கிண்ணத்தை எடுத்து வந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மேசைக்கு அடியில் போனதைக்கூட விடவில்லை. நான் தரையில் உட்கார்ந்தபடியே விளக்கம் சொன்னேன். தையல்காரர் விரலைச் சொன்னேன், மேஸ்திரிகளைச் சொன்னேன், டிரம்மைச் சொன்னேன். காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. எல்லாம் பொறுக்கி முடித்த பிறகு நிமிர்ந்தாள்.

“அன்னைக்கு அந்த ரூம்ல ஊத்தலைன்னு சொன்னீங்க. இப்போ அதையும் யோசிச்சுப் பாக்க வேண்டியிருக்கு.”

அவ்வளவுதான். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். முட்டாள் என்று சொல்லலாம், கிழட்டுக் கழுதை என்று சொல்லலாம், எல்லாம் அவள் சொன்னதுதான். ஆனால் அதை ஒருத்தரும் சொல்லக் கூடாது. அவள் சொல்லவே கூடாது. தலை சுற்றுவது நின்ற பிறகும் எனக்குத் தரை நிற்கவில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள். முதுகுப் பக்கம் திறந்த அங்கி. இப்படி ஒரு துணியைத் தைத்தவனை நம்பி உயிரைக் கொடுக்கச் சொல்கிறார்கள். டாக்டரம்மா வந்து, மாத்திரை ஒன்றுகூட விடாமல் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“இது என்னம்மா?”

“இவர் சாப்பிட்ட மாத்திரை.”

டாக்டரம்மா கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கரண்ட் மெஷினை ஓரமாகத் தள்ளச் சொன்னார். அதற்குப் பதிலாகத் தொண்டையில் மருந்தடித்து மரத்துப்போகச் செய்து, ஒரு குழாயை உள்ளே விட்டார்கள். குழாய் நுனியில் இதயத்தைப் பின்பக்கமிருந்து பார்க்கிற கருவியாம். அரைத் தூக்கத்தில் என்னென்னவோ முனகினேன், ஒன்றும் வார்த்தையாக வரவில்லை. பேச்சு போனால் எப்படி இருக்கும் என்று அப்போது கொஞ்சம் தெரிந்தது. பிடிக்கவில்லை.

தெளிந்து உட்கார்ந்த பிறகு திரையில் படத்தை ஓட்டிக் காட்டினார்கள். நாய்க் காது மாதிரிப் பை. அதன் மூலையில் ஒரு சின்ன உருண்டை ஒட்டிக்கொண்டு, உள்ளே போவோமா வெளியே வருவோமா என்று ஆடிக்கொண்டிருந்தது. இன்றைக்குக் கரண்ட் கொடுத்திருந்தால் இதுதான் மேலே போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. இந்தப் படத்தைத்தான் எல்லாருக்கும் காட்டுகிறீர்கள் என்றேன். திரை மூலையில் என் பெயர் இருப்பதை மச்சான் காட்டினான். பெயரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்றேன். என் மனைவி மட்டும் அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டி உடைக்கிற அறையில் அவள் எத்தனையோ கட்டிகளைப் பார்த்தவள். எதையும் பார்த்து அவள் பயந்து நான் பார்த்ததில்லை. இதைப் பார்த்துப் பயந்திருந்தாள்.

திரும்பி வந்து படியேறினோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நான் முக்காலியை நெருங்குவதற்குள் அவள் அதில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மூச்சு வாங்குகிறது. இடம் இல்லை. சுவரில் சாய்ந்து நின்றேன். மச்சான் கீழ்ப்படியில் நின்றான். தையல்காரர் வாயில் நூலோடு அப்படியே உறைந்துவிட்டார்.

“மலைப் பாதையில வண்டி நின்னுபோச்சே ஒரு தடவை,” என்றாள். “டிரம்மும் சுத்தலை. என்ன செஞ்சீங்க?”

எல்லாருக்கும் தெரிந்ததுதான். கலவை லாரி டிரைவர் எவனும் சீட்டுக்கு அடியில் ஒரு பை சர்க்கரை இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டான். டிரம் நின்றுவிட்டால் அதை உள்ளே கொட்ட வேண்டும். சர்க்கரை போட்டால் கலவை இறுகாது.

“சக்கரை போட்டேன்” என்றேன்.

“தண்ணி ஊத்தலையா?”

“நான் என்னைக்குடி தண்ணி ஊத்தியிருக்கேன்?”

“சக்கரை போட்டதும் கலவை நீத்துப் போச்சா?”

“நீத்துப் போகலை. இறுகலை, அவ்வளவுதான்.”

“இதுவும் அதான். தண்ணி இல்ல, சக்கரை.”

நான் விட்டுவிடுவேனா? சர்க்கரை போட்ட கலவையை எவனும் கட்டடத்துக்கு எடுக்க மாட்டான், ஓரமாகக் கொட்டிவிட்டு வர வேண்டியதுதான், என்னையும் கொட்டப் போகிறாயா என்றேன். அது மூட்டையாகக் கொட்டினால் என்றாள். வெயில் நாளில் ஆலையிலேயே ஒவ்வொரு வண்டிக்கும் அளந்து கொஞ்சம் மருந்து விடுவார்களே, வழியில் இறுகாமல் இருக்க, அந்தக் கலவையில் கட்டின கட்டடமெல்லாம் விழுந்துவிட்டதா என்றாள். அந்தக் கட்டிகளை உடைத்துப் பார்த்ததே அவள்தான். இருமினேன்.

“அக்கா கேக்கறது சரிதானே மாமா” என்றான் மச்சான். எனக்கு எதுவும் கேட்கவில்லை என்றேன்.

அவள் பையைத் திறந்து புதுப் பட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். தையல்காரர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் வாங்கவில்லை.

“அந்த ரூம் விஷயத்தைச் சொல்லு முதல்ல” என்றேன்.

“முழுங்குங்க முதல்ல.”

முழுங்கினேன். வாயைத் திறக்கச் சொன்னாள். நாக்கைத் தூக்கச் சொன்னாள். இரண்டு கன்னத்துக்குள்ளும் பார்த்தாள். தையல்காரரும் எட்டிப் பார்த்தார், அவரை யார் கூப்பிட்டது என்று தெரியவில்லை. பிறகு முக்காலியிலிருந்து எழுந்து குஷனைத் தட்டிப் போட்டாள்.

“ஊத்தலை,” என்றாள். “உக்காருங்க.”

அப்புறம் வாரக் கணக்கில் அதே கூத்து. காலையில் நாக்கைத் தூக்கு, மாலையில் நாக்கைத் தூக்கு. நாற்காலியை மச்சான் மறை வைத்து முறுக்கிச் சரிசெய்துவிட்டான். அவள் தடுக்கவில்லை. மாத்திரை உள்ளே போனால் சரி, அதற்கு மேல் என்ன வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளுங்கள் என்றாள். சுற்றினோம். ஒரே பக்கமாக. மச்சானுடைய இடது கையைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். பை காலி. உருண்டை கரைந்துவிட்டது. அன்றைக்கே தூங்க வைத்துக் கரண்ட் கொடுத்தார்கள். கண் விழித்தபோது நெஞ்சுக்குள் கோழி இல்லை. வண்டி நல்ல ரோட்டில் ஏறின மாதிரி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், போதும் விடு என்றாலும் விடவில்லை. சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி பிடித்தாள். மச்சான் கட்டிலைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டான். நர்ஸ் வந்து வெளியே அனுப்பினாள்.

டாக்டரம்மா வந்தார். நடுக்கம் சொல்லாமல் திரும்பி வரலாம், உங்கள் வயதில் மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றார். மாத்திரைதான் கட்டியைக் கரைத்ததாகச் சொன்னார். நான் நாற்காலிதான் என்றேன். அப்படியானால் மாத்திரை சாப்பிடாமல் சுற்றினபோது கட்டி ஏன் வந்தது என்று கேட்டார். படித்தவர்கள் கேட்கிற கேள்விதான்.

“இவன் ரெண்டு தடவை ரிவர்ஸ்ல சுத்திட்டான் டாக்டரம்மா.”

டாக்டரம்மா மச்சானைப் பார்த்தார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். என் மனைவி, “விடுங்க டாக்டர், நாக்கைத் தூக்கறாரு, அது போதும்” என்றாள்.

வீட்டுக்கு வந்தோம். படியில் முதல் மாடி தாண்டினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் முக்காலி காத்திருந்தது, குஷனோடு. தையல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். நான் நிற்கவில்லை என்பதைப் பார்த்து அவர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

“பாத்தீங்களாண்ணே, மாத்திரை கேட்டுடுச்சு.”

“மாத்திரையும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல,” என்றேன். பின்னால் அவள் தண்ணீர் பாட்டிலோடு ஏறிவருகிற சத்தம் கேட்டது, மாலை மாத்திரைக்கு நேரமாகிவிட்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டே, அவருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்: “எல்லாம் நாற்காலி.”